ஸ்வெட்டரில் சுற்றிய குடைமிளகாய்

ஃப்ரிட்ஜ் பக்கமே அவள் இன்னும் போகவில்லை. அதற்குள் கூண்டிலிருந்த, முயல்குட்டி அளவு கினிப்பன்றிகள் இரண்டும் விசிலடிக்க ஆரம்பித்துவிட்டன. சாப்பாடு வருகிறதென்று தெரிந்தால் மட்டும் அடிக்கும் கீச்சு விசில். பிற்பகல் வெயில் ஜன்னலில் அப்பிக் கிடந்தது. கணவர் வேலைக்கும் மகள் பள்ளிக்கும் போயிருந்தார்கள். வீட்டில் அவள் ஒருத்திதான்.

மகள் என்றால், இறந்துபோன முதல் மனைவியின் மகள். இந்தக் கினிப்பன்றிகளை ஆசையாக வளர்த்ததும் அந்த முதல் மனைவிதான். சித்தியாக வந்து நாலு மாதமாகியும் இவளுக்கு இந்த வீட்டில் கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம்.

"வெறும் தீவனத்தையே தின்னா உடம்பு தாங்காதும்மா. குடைமிளகாய், கீரைன்னு பழக்குங்க. தெரிஞ்ச வாசனை இருந்தா வாய் வைக்கும்," என்றிருந்தார் கால்நடை டாக்டர்.

"அதுங்க செத்தா நீங்கதான் கொன்னீங்கன்னு அப்பாகிட்ட சொல்லுவேன்," என்றாள் மகள். சித்தி என்றுகூட அவள் கூப்பிட்டதில்லை. இரண்டும் பிழைத்துவிட்டால் என்றாவது அம்மா என்பாளோ என்று இவளுக்கு ஒரு நப்பாசை.

கீரை, வெள்ளரி, கேரட் என்று தலைகீழாக நின்று பார்த்துவிட்டாள். இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. கடைசியில் அந்தத் தப்பைச் செய்தாள். இறந்தவளின் ஸ்வெட்டரைத் துவைக்காமல், வாசனை போகாமல், மகள் ஒரு பிளாஸ்டிக் உறையில் மூடி வைத்திருந்தாள். நேற்று அதை எடுத்து, நறுக்கிய குடைமிளகாயை அதில் சுற்றி ஒரு மணி நேரம் வைத்தாள். தட்டைக் காட்டியதும் இரண்டும் பாய்ந்து வந்து தின்றன. சந்தோஷத்தில் இவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

இன்று விசில் அடங்கவில்லை. இரண்டும் சமையலறைப் பக்கமே மூக்கை நீட்டிக்கொண்டிருந்தன.

இவள் கூண்டருகேதான் நின்றிருந்தாள். அங்கே ஃப்ரிட்ஜ் கதவு திறந்தது. குழாயில் தண்ணீர் விழுந்து நின்றது. பிறகு பலகையில் கத்தியின் சத்தம், அவசரமே இல்லாமல், வருஷக்கணக்காக அதே இடத்தில் நின்று நறுக்கிய கையின் நிதானத்தோடு கேட்டது. பச்சைக் குடைமிளகாய் வாடையும் கம்பளியில் ஊறிய பழைய வியர்வை வாடையும் ஒன்றாகக் கலந்து வந்து தொண்டையில் உட்கார்ந்தன.

கத்தி நின்றது.

காலடி. ஈரக் காலடி. முதுகுக்குப் பின்னால்.

திரும்ப முடியவில்லை. விசிலும் நின்றுவிட்டது.

வாசற்கதவு திறந்தது. பள்ளிப் பையோடு மகள். நாலு மாதத்தில் முதல்முறையாக அந்த முகத்தில் சிரிப்பு.

"அம்மா!"

ஒரு கணம் இவளுக்கு நெஞ்சு நிறைந்தே போனது. பிறகுதான் கவனித்தாள். அந்தக் கண்கள் இவள் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தன.

"இவங்க உன் ஸ்வெட்டரை எடுத்துட்டாங்கம்மா."

பின்னாலிருந்து ஒரு கம்பளிக் கை நீண்டு வந்து இவள் தாடையைப் பிடித்தது. இன்னொரு கை சில்லென்ற குடைமிளகாய்த் துண்டை உதட்டில் வைத்து மெதுவாக உள்ளே தள்ளியது. துண்டு போய்விட்டது. விரல்கள் நிற்கவில்லை.