டைனோசர் பிளாஸ்திரி

"ஏய் திருட்டுக் கோழி! நில்லு! இன்னிக்கு உன்னைக் குழம்பு வைக்காம விடமாட்டேன்!"

காலையில் ரொட்டி வண்டி வருவதற்கு முன்பே லெயோனி கோழியைத் துரத்திக்கொண்டு ஓடினாள். கையில் ஒற்றைச் செருப்பு, கண் நிறைய நீர். கோழியோ தனக்கும் இவளுக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோலப் பப்பாளி மரத்தடியில் போய் மண்ணைக் கிளறியது.

எல்லாம் ஒரு வள்ளிக் கொடியால் வந்த சண்டை.

பசிபிக் கடலில், பிரெஞ்சு பேசும் லிஃபூ தீவில் வள்ளிக்கிழங்குத் தோட்டத்துக்குள் நுழைந்தால் எப்பேர்ப்பட்ட வாலுப் பிள்ளையும் வாலைச் சுருட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே ஓடக் கூடாது, கத்தக் கூடாது, கொடியைத் தாண்டக் கூடாது. பத்து வயது லெயோனிக்கு இந்த வருஷம்தான் அங்கே சொந்தமாக ஒரு மண்மேடு கிடைத்திருந்தது.

"நீயே நடு, நீயே பாத்துக்க," என்று அப்பா சொல்லியிருந்தார். "சித்தப்பா கல்யாணத்துக்கு உன் கிழங்கும் வரணும்."

சித்தப்பா ழோசுவேக்கு அடுத்த ஆண்டு கல்யாணம். பெண் வீட்டாருக்கு முன்னால் குவிக்கும் கிழங்குகளில் ஒன்று லெயோனி வளர்த்ததாக இருக்கும்! அதை நினைத்தாலே அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். கொடி முளைத்து, குச்சியைப் பிடித்து, அவள் இடுப்பு உயரம் வந்திருந்தது. இன்று போய்ப் பார்த்தால் அடியோடு ஒடிந்து கிடக்கிறது. பக்கத்திலேயே கோழி.

கோழியை விட்டுவிட்டு லெயோனி திரும்பி வந்தாள். மண்மேட்டின் அருகே உட்கார்ந்து கொடியைக் கையில் எடுத்தாள். ஒடிந்த இடத்தில் ஏதோ சுற்றியிருந்தது.

பிளாஸ்திரி! முழங்காலில் அடிபட்டால் ஒட்டுவோமே, அதேதான். அதில் டைனோசர் படம் வேறு.

கோழி பிளாஸ்திரி ஒட்டாது.

"ஹாமிஷ்!" என்று லெயோனி பல்லைக் கடித்தாள்.

ஹாமிஷ் அவர்கள் வீட்டு விருந்தாளி. பள்ளி விடுமுறைக்கு அப்பா அம்மாவோடு பிரிஸ்பேனிலிருந்து வந்திருந்தான். முற்றத்து ஓரத்தில் இருந்த வட்டக் குடிசையில்தான் மூவரும் தங்கியிருந்தார்கள். குடிசை வாசல் குள்ளம், அவன் அப்பா நெட்டை. உள்ளே போகும்போது ஒரு முறையும் வெளியே வரும்போது ஒரு முறையும் தலையில் இடித்துக்கொள்வார்.

ஹாமிஷுக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு தெரியும். ஆனால் பாடப் புத்தகமே எழுந்து நின்று பேசுவதுபோல இருக்கும். "தாங்கள் நலமாக இருக்கிறீர்களா?" என்று முதல் நாள் அவன் லெயோனியைப் பார்த்துக் கேட்டான். யாரைக் கேட்கிறான் என்று அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

அன்று மாலை அவன் அப்பா, விருந்தாளிகள் செய்யும் தீவு வழக்கப்படி, ஒரு துணியை இரு கைகளாலும் நீட்டி, தலையைக் குனிந்து, "உங்க மண்ணுக்கு வந்திருக்கோம், எங்களை ஏத்துக்கணும்," என்று மனப்பாடம் செய்ததைச் சொன்னார். லெயோனியின் அப்பா ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாகத் துணியின் மேல் கை வைத்தார். அந்த நேரம் பார்த்து ஹாமிஷ் களுக்கென்று சிரித்துவிட்டான். அவன் அம்மா நறுக்கென்று கிள்ளினார்.

'அன்னிக்கே தெரிஞ்சிருக்கணும், இது ஒரு விளையாட்டுப் பிள்ளைன்னு,' என்று லெயோனி இப்போது நினைத்தாள்.

காலைச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்தார்கள். நீள ரொட்டி, வெண்ணெய், பெரிய கிண்ணங்களில் பால்காப்பி. ரொட்டியைக் கிண்ணத்தில் முக்கி, உறிஞ்சிச் சத்தம்போட்டுத் தின்பதில் ஹாமிஷ் இந்தச் சில நாட்களில் லெயோனியையே தோற்கடித்திருந்தான். இன்று ரொட்டியைத் தொடவே இல்லை.

"என்ன தம்பி, வயிறு சரியில்லையா?" என்று அப்பா கேட்டார்.

"ஆம் ஐயா. வயிற்றில் ஒரு வலி இருக்கிறது," என்றான் ஹாமிஷ். அவன் காதுகள் சிவந்துபோயின.

இப்போதே சொல்லிவிடலாமா? ஒரே ஒரு வார்த்தை போதும். லெயோனி வாயைத் திறந்தாள். ஆனால் அந்தப் பிளாஸ்திரி நினைவுக்கு வந்தது. தப்பித்து ஓட நினைக்கிறவன் உட்கார்ந்து பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருப்பானா? திறந்த வாயில் ரொட்டியைத் திணித்துக்கொண்டாள்.

சாப்பிட்டு முடிந்ததும் அவன் கடற்கரைக்குப் போனான். லெயோனி பின்னாலேயே போய் அவன் முன் நின்றாள். உள்ளங்கையை விரித்து, டைனோசரைக் காட்டினாள்.

ஹாமிஷின் முகம் வெளுத்தது.

"நான்... பந்தை விளையாடினேன். பந்து உள்ளே சென்றது. நான் ஓடினேன். நான் மிகவும் வருந்துகிறேன்."

"அது என் கொடி தெரியுமா? எங்க சித்தப்பா கல்யாணத்துக்கு வளர்த்தது!"

"தங்களுக்குப் புதியது ஒன்று வாங்கித் தருகிறேன்."

"வாங்கித் தருவியா? கடையில வாங்கின கிழங்கைக் கொண்டுபோய்க் கல்யாணத்துல வைப்பாங்களா? அறிவிருக்கா உனக்கு?"

ஹாமிஷுக்கு அவள் படபடவென்று பேசியதில் பாதி புரிந்ததோ என்னவோ. அவள் கண்ணீர் மட்டும் நன்றாகவே புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டான். லெயோனி விறுவிறுவென்று திரும்பி நடந்தாள். வழியெல்லாம் அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. அவனைத் திட்டினால் மனசு ஆறும் என்று நினைத்தாள். ஆறவில்லை.

மாலையில் எல்லோரும் சாப்பாட்டுக்குக் கூடியிருந்தார்கள். ஹாமிஷை மட்டும் காணோம். அவன் அம்மா தேடப் புறப்பட்டபோது அவனே குடிசையிலிருந்து வந்தான்.

அவன் இரு கைகளிலும் மடித்த குளியல் துண்டு ஒன்று இருந்தது. அலையில் சறுக்கும் கோலாக் கரடிப் படம் போட்ட துண்டு. தினமும் கடலுக்குப் போகும்போது அவன் தோளில் கிடந்தது. பள்ளி முகாமில் தொலைந்துவிடாமல் இருக்க, ஓரத்தில் அவன் அம்மா அழியாத மையில் பெயர் எழுதியிருந்தார்.

நேராக லெயோனியின் அப்பா முன் போய் நின்றான். துண்டை நீட்டி, தலையைக் குனிந்தான். பேச்சுச் சத்தம் அடங்கியது. இப்படி ஒருவர் வந்து நின்றால், பெரியவரோ சிறியவரோ, அவர் பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசக் கூடாது.

"மதிப்பிற்குரிய ஐயா அவர்களே," என்று தொடங்கினான். "நான் கிழங்குத் தோட்டத்தில் ஓடினேன். ஒரு கொடியை ஒடித்தேன்."

அவன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். லெயோனியின் அப்பா மெதுவாகக் கேட்டார்.

"எந்தக் கொடி?"

ஹாமிஷ் கண்ணால் லெயோனியைக் காட்டினான்.

"அப்ப இதை நான் வாங்கக் கூடாது தம்பி. கொடிக்காரிகிட்டச் சொல்லு."

லெயோனிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் எழுந்தாள். ஹாமிஷ் அவள் பக்கம் திரும்பினான். எல்லோருடைய கண்களும் அவள் மேல்தான். இதுவரை அவள் முன்னால் யாரும் இப்படித் துணி நீட்டி நின்றதில்லை.

"நான்..." என்றான் ஹாமிஷ். "தங்களுடைய... நான்..."

அவ்வளவுதான். புத்தகத்தில் படித்த பிரெஞ்சு முழுவதும் எங்கோ ஓடி ஒளிந்துகொண்டது. கையிலிருந்த கோலாக் கரடியைப் பார்த்தான், அதற்கும் பிரெஞ்சு தெரியவில்லை.

லெயோனி நினைத்திருந்தால் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றிருக்கலாம். காலையில் அவள் அழுததற்கு இது சரியாகப் போயிருக்கும். கொடியை நினைத்தாள், கோபம் இன்னும் இருந்தது. நாள் முழுக்க ஒன்றும் தின்னாத அவன் வயிற்றையும் நினைத்தாள்.

ஓரடி முன்னால் வந்து துண்டின் மேல் கையை வைத்தாள்.

"அவன் இன்னும் பேசி முடிக்கலையேம்மா," என்றார் அப்பா. குரலில் சிரிப்பு இருந்தது.

"எனக்குக் கேட்டிடுச்சுப்பா."

வாங்கிக்கொண்டவர் பதில் சொல்ல வேண்டும். லெயோனி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "நீ என் கொடியை ஒடிச்சே. அதை எல்லாருக்கும் முன்னாடி சொன்னே. இனிமே இந்த வீட்டுல அதைப் பத்திப் பேச்சு கிடையாது."

கைம்மாறாக ஏதாவது கொடுக்கவும் வேண்டுமே! சுற்றும்முற்றும் பார்த்தாள். மேசையில் நீள ரொட்டி இருந்தது. அதன் மொறுமொறு முனை எப்போதும் அவளுக்குத்தான், வேறு யாரையும் தொட விடமாட்டாள். அதை ஒடித்து அவன் கையில் வைத்தாள். ஹாமிஷ் அதை அழுதுகொண்டே, சிரித்துக்கொண்டே, சத்தம்போட்டுத் தின்றான்.

"கிழங்கு இன்னும் மண்ணுக்குள்ள உசிரோடதான் இருக்கு," என்றார் அப்பா. "மறுபடி முளைக்கலாம், முளைக்காமலும் போகலாம். பாப்போம்."

ஹாமிஷ் ஊருக்குப் போகும் நாள் காலையில்கூட இருவரும் போய்ப் பார்த்தார்கள். மண்மேடு வெறுமையாகவே இருந்தது. "முளைத்தால் தாங்கள் எனக்குக் கூறுங்கள்," என்று சொல்லி, மீதிப் பிளாஸ்திரிகளை டப்பாவோடு அவளிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

அவன் போன சில நாட்களில் மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு முளை எட்டிப் பார்த்தது. லெயோனி அதைக் குச்சியோடு டைனோசர் பிளாஸ்திரியால் கட்டினாள். பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவள் கண்டுகொள்ளவே இல்லை.

கல்யாணத்தன்று கிழங்குகள் மலையாகக் குவிந்தன. லெயோனியின் கிழங்கு கொஞ்சம் குட்டை, கொஞ்சம் கோணல். ஆனாலும் குவியலில் அதற்கும் ஓர் இடம் இருந்தது. பக்கத்தில் பூப்போட்ட துணிகள் அடுக்கடுக்காக இருந்தன. அவற்றின் மேல், அலையில் சறுக்கியபடி ஒரு கோலாக் கரடி. வந்த துணியைப் பெட்டிக்குள் பூட்டி வைப்பது அந்த ஊரில் வழக்கம் இல்லை, அடுத்த சீரில் சேர்த்துவிடுவார்கள்.

சீர்களை எடுத்துக் காட்டி, யார் வீட்டுச் சீர் என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்த மாமா, துண்டைக் கையில் எடுத்தார். ஓரத்தில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஹா... மிஷ். இது யாருப்பா? நம்ம சனத்துல இப்படி ஒருத்தன் கிடையாதே?"

லெயோனி கூட்டத்தின் நடுவிலிருந்து கையைத் தூக்கினாள்.

"நம்ம ஆளுதான் மாமா! பேரைச் சத்தமாச் சொல்லுங்க!"