4417 அணைந்த கணம்

கலிஸ்டோவின் வடபள்ளப் பள்ளியில் வானியல் வகுப்பு தினமும் காலை எட்டரைக்குத் தொடங்கும். அங்கே படித்த எவரும் வானத்தைப் பார்த்ததில்லை. வருகைப் பதிவு முடிந்ததும் மாணவர்களுக்கு ஆளுக்கொரு பழைய இரவு வழங்கப்படும்.

“எனக்கு 1934, மார்ச் ஒன்பது.”

“எனக்கு 1962. முழு நிலா, டீச்சர். ஒண்ணுமே தெரியாது. மாத்திக் குடுங்க.”

“நிலா இருந்தாலும் ராத்திரி ராத்திரிதான். உக்காந்து பாருடா, ஏசுராஜா,” என்பார் வேதநாயகி டீச்சர்.

அது 2287ஆம் ஆண்டு. வியாழன் கிரகத்தின் அந்தத் துணைக்கோளில் மனிதர்கள் நாற்பது மீட்டர் பனிப்பாறைக்கு அடியில் குழாய்களுக்குள் வாழ்ந்தார்கள். மேலே வானம் இருந்தது. காற்றே இல்லாததால் பகலிலும் நட்சத்திரங்கள் தெரியும் கரிய வானம். ஆனால் மேலே போனால் கதிர்வீச்சு. ஒரு மனிதனுக்கு ஆயுளுக்கு இவ்வளவுதான் என்று மருத்துவமனை அளந்து வைத்திருந்தது.

மேலே போகாமலே கருவிகளை வைத்துப் படம் எடுக்கலாமே என்று தோன்றும். எடுக்கலாம், எடுத்தும் பயனில்லை. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே எந்தக் காட்சியையும் எவரும் ஒரு நொடியில் உண்டாக்கிவிடும் நிலை வந்துவிட்டது. இல்லாத வால்மீன்களைக் கண்டுபிடித்தவர்கள் ஆயிரக்கணக்கில் பெருகினார்கள். பொய்யைப் பிரித்தறிய இயந்திரங்கள் வந்தன. அந்த இயந்திரங்களை ஏமாற்றவும் இயந்திரங்கள் வந்தன. கடைசியில் ஒரு சட்டம் போட்டு முடித்தார்கள். 2031க்கு முன் எடுத்து முத்திரையிடப்பட்டவை மட்டுமே ‘மெய்ப்படம்’. அதற்குப் பின் வந்தவை எல்லாம் ‘வெறும்படம்’. சட்டத்தின் கண்ணில் அவற்றுக்கும் ஒரு குழந்தை கிறுக்கிய ஓவியத்துக்கும் வித்தியாசம் கிடையாது.

ஆகவே வானியல் என்றால் பழந்தரவுகளைத் தோண்டுவது என்றே ஆயிற்று. பூமியின் பழைய வானாய்வு நிலையங்கள் கண்ணாடித் தகடுகளில் எடுத்த இரவுகள், பிறகு மின்னணுக் கருவிகள் எடுத்த இரவுகள் எனக் கோடிக்கணக்கில் இருந்தன. எடுத்தவர்கள் அவற்றில் நூற்றில் ஒன்றைக்கூட முழுதாகப் பார்த்து முடிக்கவில்லை. அந்த மிச்சத்தில் இன்னும் எதுவோ இருக்கிறது என்று வேதநாயகி பிடிவாதமாக நம்பினார்.

ஒன்பது ஆண்டுகளாக நம்பினார். ஒன்பது ஆண்டுகளாக எதுவும் கிடைக்கவில்லை. பழந்தரவு அறையை இந்தப் பருவ முடிவோடு மூடிவிட்டுக் காளான் வளர்க்க ஒதுக்கலாம் என்று கல்விக்குழு தீர்மானம் எழுதி வைத்திருந்தது. குழுவின் உறுப்பினர் மாசிலாமணி அதைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

“தப்பா நினைக்காதீங்கம்மா. ஒரே ஒரு கண்டுபிடிப்பு பதிவாகி இருந்தாக்கூட நான் அடிச்சுப் பேசியிருப்பேன். காளானைத் தின்னலாம். உங்க நட்சத்திரத்தை என்ன பண்றது, சொல்லுங்க?”

அதற்குப் பதில் இரண்டு வாரம் கழித்து மாணவி நிலோஃபரிடமிருந்து வந்தது.

நிலோஃபர் அதிகம் பேசாத பெண். கொடுத்த இரவை முடிக்காமல் இருக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டாள். கழுகு மண்டலத்தின் ஓரத்தில், வெறும் கண்ணுக்குத் தெரியாத மங்கலான ஒரு நட்சத்திரம். அட்டவணை எண் 4417. 1911ஆம் ஆண்டுத் தகடு ஒன்றில் அது இல்லை. முந்தைய இரவிலும் மறுநாள் இரவிலும் இருந்தது. தூசி என்று, பழந்தரவில் பழுதுகளைப் பிரிக்கும் தணிக்கை இயந்திரம் குறித்திருந்தது. 1958இலும் ஒரு தகட்டில் இல்லை. அதற்குக் கைரேகை என்று குறிப்பு. 2005ஆம் ஆண்டு மின்படத்திலும் இல்லை. செயற்கைக்கோள் குறுக்கே போயிருக்கும் என்றது இயந்திரம்.

“நாப்பத்தேழு வருஷத்துக்கு ஒரு தடவை சரியா வந்து ஒக்காருற தூசி, டீச்சர்,” என்றாள் நிலோஃபர்.

“ரொம்ப ஒழுக்கமான தூசியா இருக்கே,” என்றான் ஏசுராஜன்.

வேதநாயகிக்குச் சிரிக்க வரவில்லை. இருண்ட, பெரிய ஏதோ ஒன்று அந்த நட்சத்திரத்தை நாற்பத்தேழு ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வந்து, ஆறு மணி நேரம் முழுசாக மறைக்கிறது. அது என்னவென்று எந்தப் பாடநூலிலும் இல்லை. 2005உடன் ஆறு முறை நாற்பத்தேழைக் கூட்டினால் 2287. அதாவது இந்த மாதம்.

நேரத்தையும் நெருங்கிப் பிடித்தார்கள். அதற்கு உதவியது 1911ஆம் ஆண்டுத் தகட்டின் உறையில் மையால் எழுதியிருந்த குறிப்பு. அந்தக் காலத்தில் தொலைநோக்கி நட்சத்திரத்தை விட்டு நழுவாமல் இருக்க, தகட்டில் ஒளி விழும் நேரம் முழுவதும் ஒரு மனிதர் துணைக்குழாயில் கண்ணை வைத்துக் காத்திருப்பார். பெயர் தெரியாத அந்த மனிதர் எழுதியிருந்தார்: ‘2 மணி 14 நிமிடம். தகட்டைத் திறந்த சிறிது நேரத்திலேயே ஓரத்து நட்சத்திரம் அணைந்தது. மேகம் இல்லை. என் கண் சோர்வாக இருக்கலாம்.’ 2005ஆம் ஆண்டுக் கருவி மறைவை நொடிக் கணக்கில் காட்டியது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் இப்போதைய மறைவை மூன்று நிமிடப் பிழைக்குள் சொல்லலாம்.

வேதநாயகி கணக்கை முடித்து, காலை பத்து மணி பதினாறு என்று எழுதினார். நிலோஃபர் அந்தத் தாளையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்னம்மா, கூட்டல் தப்பா?”

“கூட்டல் சரிதான் டீச்சர். ஆனா நீங்க பூமியில நின்னு பாக்குறீங்க.”

அது உண்மை. பழைய நேரங்கள் எல்லாம் பூமியில் ஒளி வந்து சேர்ந்த நேரங்கள். இந்த மாதம் கலிஸ்டோ அந்த நட்சத்திரத்திலிருந்து பூமியைவிடத் தள்ளி இருந்தது. அந்தக் கூடுதல் தூரத்தைக் கடக்க ஒளிக்கு முப்பத்தாறு நிமிடம் ஆகும். ஒன்பது வருடம் பூமியின் இரவுகளிலேயே வாழ்ந்து, தான் எங்கே இருக்கிறோம் என்பதை டீச்சர் மறந்துபோயிருந்தார். பத்து மணி ஐம்பத்திரண்டு என்று திருத்தி எழுதினார்.

ஆனால் பழந்தரவு மட்டும் போதாது. தணிக்கை இயந்திரம் பழுது என்று ஒதுக்கிய தரவைக் கண்டுபிடிப்பாகப் பதிய வேண்டுமென்றால், இரண்டு மனிதர்கள் அந்த நிகழ்வைத் தங்கள் கண்ணால் கண்டிருக்க வேண்டும். படம் பொய் சொல்லும். மூளையில் பதிந்த பார்வை பொய் சொல்லாது. நினைவுச் சோதனைப் பொறியில் தலையை வைத்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். விதியின் பெயர் ‘தொடர்பார்வை’. நட்சத்திரம் இருந்ததையும் அது அணைந்ததையும் இடைவிடாமல் பார்த்திருக்க வேண்டும். வெற்றிடத்தை மட்டும் பார்த்தேன் என்றால் செல்லாது. அது எந்த இடத்து வெற்றிடமோ, யார் கண்டது?

மாசிலாமணி அலைந்து திரிந்து அனுமதி வாங்கித் தந்தார். இறங்குதளத்தின் கண்ணாடிக் கூண்டு, மூன்று பேர், பத்து முப்பது முதல் பதினொன்று பத்து வரை. நாற்பது நிமிடத்துக்கு மேல் மருத்துவமனை ஒத்துக்கொள்ளவில்லை. “ரெண்டு சாட்சி போதும். மூணாவது ஆள் எதுக்கு?” என்று மாசிலாமணி கேட்டதற்கு, “ஒருத்தருக்குத் தும்மல் வந்தா?” என்றார் வேதநாயகி.

தும்மலைவிடப் பெரிய கவலை ஒன்றும் அவருக்கு இருந்தது. பிறந்த மூன்றாம் மாதத்திலேயே எல்லோருக்கும் விழிப்பதிவி பொருத்தப்படும். இடது கண்ணை இரண்டு முறை இறுக்கிச் சிமிட்டினால், பார்ப்பதெல்லாம் அது சேமிக்கத் தொடங்கும். துளியும் குறையாத தரத்தில் சேமிக்க, இரு கண்களிலிருந்தும் வரும் சேதி முழுவதையும் அதுவே எடுத்துக்கொள்ளும். அந்த நேரம் மூளைக்குப் போவது வெறும் வெண்மூட்டம். ஊரில் யாருக்கும் இது நஷ்டமாகத் தெரியவில்லை. கல்யாணங்களில் தாலி கட்டும் நேரத்துக்கு மண்டபமே மூட்டத்துக்குள் போய்விடும்; மாப்பிள்ளை மட்டும் முடிச்சுப் போட வேண்டியிருப்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு விழித்திருப்பார்.

“அங்க போய் யாரும் பதிவு பண்ணக்கூடாது. சத்தியம் பண்ணுங்க,” என்றார் வேதநாயகி.

“பேசாம ஆஸ்பத்திரியில சொல்லிப் பூட்டிடலாமே டீச்சர்?” என்றான் ஏசுராஜன்.

“ரெண்டு நிமிஷம் கண்ணைத் திறந்து வச்சிருக்க நமக்குப் பூட்டு வேணுமாடா?”

இருவரும் சத்தியம் செய்தார்கள்.

கூண்டுக்குள் குளிர் எலும்பைத் துளைத்தது. தலைக்கு மேல் வானம் இருந்தது. தகடுகளில் நட்சத்திரங்கள் கறுப்புப் புள்ளிகள்; வெள்ளைக் கண்ணாடியில் தூவிய மிளகுபோல் இருக்கும். இங்கே அவை ஒளியாக இருந்தன. ஏசுராஜன்கூட அண்ணாந்து பார்த்தபடியே நின்றான். கப்பல் இறங்குவதைக் கவனிப்பவர்களின் இரட்டைக் குழாய்த் தொலைநோக்கி ஆளுக்கொன்று கொடுத்திருந்தார்கள். முக்கோணமாக மூன்று நட்சத்திரம், அதன் நடுவில் சற்றே மஞ்சளாக ஒன்று. கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை.

“நீ இருக்கியா, நிலோஃபர்?”

“இருக்கேன் டீச்சர். நடுவுலதானே?”

“ஏசுராஜா?”

“மஞ்சளா தெரியுது. பாவம், தனக்கு என்ன ஆகப்போகுதுன்னு தெரியாது.”

பத்து ஐம்பது. ஐம்பத்தொன்று. ஐம்பத்து மூன்று ஆகி, இருபது நொடி கடந்தபோது அந்த மஞ்சள் புள்ளி லேசாக, மிக லேசாக, ஓரம் கருகுவதுபோல் மங்கியது.

இனி நாற்பத்தேழு வருடம். இப்போது வேதநாயகிக்கு நாற்பத்து நான்கு வயது. அடுத்த முறை இருக்கப்போவதில்லை. அப்போது ஒரு வகுப்பில் யாரோ பிள்ளைகள் இதைத் தேடுவார்கள். சட்டத்துக்குச் செல்லாவிட்டாலும் அவர்களுக்கென்று ஒரு படம் வேண்டாமா? இந்த இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே. இரண்டு சாட்சி போதுமே. மூன்றாவது ஆள் நான் எதற்கு வந்தேன்?

இடது கண் இரண்டு முறை இறுகிச் சிமிட்டியது.

வெண்மூட்டம் விலகியபோது முக்கோணத்தின் நடுவில் ஒன்றும் இல்லை. சுத்தமான இருட்டு. குழாயைத் தாழ்த்திய வேதநாயகியின் கன்னத்தில் கண்ணீர் சில்லிட்டது. நிலோஃபர் ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டாள். ஏசுராஜன் கூண்டின் கம்பியைக் கைகளால் அடித்துத் தாளம் போட்டான்.

இறங்குவதற்கு, நின்று நின்று ஊரும் அந்தப் பழைய மின்தூக்கியில் ஏழு நிமிடம் ஆகும்.

“சொல்லும்மா,” என்றார் வேதநாயகி. “எப்படிப் போச்சு? டக்குனு போச்சா, கொஞ்சம் கொஞ்சமாவா?”

நிலோஃபர் சிரித்தாள். “நீங்க சொல்லுங்க டீச்சர். உங்க வாயால கேக்கணும்.”

“இல்லம்மா, உன்னோட நட்சத்திரம். நீதான் முதல்ல சொல்லணும்.”

“ஏசு சொல்லட்டும். அவன்தான் நல்லா கதை சொல்லுவான்.”

ஏசுராஜன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். “ரெண்டு பேரும் பாத்தீங்கல்ல,” என்றான். “அப்புறம் என்ன? நான் வந்து… மங்க ஆரம்பிச்சது வரைக்கும்தான்…” நிறுத்தினான். “உங்களுக்காகத்தான் டீச்சர். பின்னால போட்டுப் பாத்தா சந்தோஷப்படுவீங்களேன்னு.”

மின்தூக்கி இறங்கிக்கொண்டே இருந்தது. வேதநாயகி மெல்ல நிலோஃபரின் பக்கம் திரும்பினார். அந்தப் பெண்ணின் உதடு துடித்தது.

“நீங்க பாத்துட்டு இருப்பீங்கன்னு நெனச்சேன் டீச்சர். நான் மூணாவது ஆள்தானேன்னு…” அவள் முடிக்கவில்லை. “நீங்க பாத்தீங்கல்ல?”

நாற்பது மீட்டர் பனிப்பாறையைத் தாண்டி மின்தூக்கி கீழே வந்து நின்றது. கதவு திறந்தது.

மாசிலாமணி கையில் சாட்சிப் படிவங்களுடன் நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. அவர் இவ்வளவு ஆவலாக இருந்து யாரும் பார்த்ததில்லை. மூன்று பேரின் முகத்தையும் பார்த்தார். சிரிப்பு தேய்ந்தது.

“மறையலையா?”

“மறைஞ்சுது,” என்றார் வேதநாயகி. “நாங்க பாக்கலை.”

விஷயம் புரிய அவருக்கு ஒரு நிமிடம் பிடித்தது. திட்டுவார் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். அவர் திட்டவில்லை, தாமும் அதையேதான் செய்திருப்போம் என்று தெரிந்திருக்க வேண்டும். படிவங்களைச் சீராக அடுக்கிச் சட்டைப் பைக்குள் வைத்தார். பருவம் முடிய இன்னும் பதினோரு நாள் இருந்தது. காளான் படுக்கைகளுக்கு நேற்றே அளவெடுத்துப் போயிருந்தார்கள்.

“பதிவு நல்லா வந்திருக்கா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“மூணும் நல்லா வந்திருக்கு சார்,” என்றாள் நிலோஃபர். “ஒரு பிசிறு இல்ல.”

“அனுப்பி வைங்கம்மா. கட்டாயம் பாக்குறேன். இப்பக் கொஞ்சம் வேலை, நேரம் கிடைக்கறப்ப நிதானமா ஒக்காந்து பாக்குறேன்.”

வேதநாயகி அங்கேயே நின்று மூன்று பதிவுகளையும் அவருக்கு அனுப்பினார். பெற்றுக்கொண்டதற்கான சீட்டு உடனே கண்ணுக்குள் வந்து நின்றது: ‘நன்றி. தாங்கள் அனுப்பியவை திரு. மாசிலாமணி பார்க்க வேண்டியவற்றின் வரிசையில் 3,11,406 முதல் 3,11,408 வரையான இடங்களில் பத்திரமாக உள்ளன.’