நாற்காலிக்கு ஒரு மிரட்டல்

ட்ர்ர்ரிங்...!

அறையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த சபாநாயகர் ரிசீவரை எடுத்தார்.

கரகரத்த குரல்!

"நாளைக்கு அந்த நாற்காலியில உட்கார்ந்தே... பொணமாத்தான் இறங்குவே! இன்னிக்கே ராஜினாமா பண்ணு!"

மேஜை மேல் ரெக்கார்டர் சுழன்றது. ஒரு வாரமாக வரும் மிரட்டல் போன்களால் பயந்துபோன சபைச் செயலாளர் வைத்தது. போலீசுக்குச் சொன்னதும் அவர்தான்.

சற்று நேரத்தில் இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்தாள்.

"நாளைக்கு நம்பிக்கை ஓட்டெடுப்பு. ரெண்டு பக்கமும் சரிசமம். உங்க ஒத்தை ஓட்டுலதான் ஆட்சி! யார் மேல சார் சந்தேகம்?"

"பேர் சொன்னா, ஒரு பக்கம் சாஞ்சுட்டேன்பாங்க."

"உயிர் சார்!"

"அந்தக் காலத்துல இங்கிலாந்துல ராஜாவுக்குப் பிடிக்காத சேதி கொண்டுபோன சபாநாயகருக்குத் தலையே போயிருக்கு. அதான் இன்னிக்கும் புதுச் சபாநாயகரை ரெண்டு தரப்புத் தலைவர்களும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் உட்கார வைக்கறாங்க."

"மரியாதைன்னு நினைச்சேன்!"

"ஓடிடக் கூடாதே!"

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

பதவி ஏற்றதும் அவர் கட்சியை விட்டார். கட்சி நண்பர்கள் அவரை விட்டார்கள். எதிர்க்கட்சி நம்பவே இல்லை. கேன்டீனில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் மறுநாள் பத்திரிகையில் வரும். ஆகவே... இந்தச் சுவரோடு சாப்பாடு.

"சபையில எல்லாரும் உங்களைப் பார்த்துத்தானே சார் பேசறாங்க?"

"'மாண்புமிகு தலைவர் அவர்களே'ன்னு ஆரம்பிச்சு எதிர்ல இருக்கறவனைத் திட்டுவான். நான் தபால்பெட்டிம்மா. கடுதாசி எனக்கில்லே."

இன்ஸ்பெக்டர் டேப்பை ஓடவிட்டாள். மிரட்டல் முடிந்தது. அவர் கை அவசரமாக நீண்டது.

"அவ்வளவுதான். நிறுத்திடுங்க."

"இன்னும் ஓடுது சார்..."

டேப் வெறுமனே சுழன்றது. பிறகு அதே குரல், தணிந்து...

"பிரஷர் மாத்திரை போட்டுக்குங்க... சாப்பாட்டுக்கு முன்னாடி."

இன்ஸ்பெக்டர் துள்ளி எழுந்தாள்!

"கொல்ல வர்றவன் 'ங்க' போடுவானா?! சார்... இது உங்க வீட்டம்மா!"

"தெரியும்."

"என்னது?!"

"முதல் போன்லயே."

"அப்புறம் ஏன் மறைச்சீங்க?"

"நாற்காலியில ஏறினதுலேர்ந்து வீட்டுலயும் நான் சபாநாயகர்தான். அவ எது கேட்டாலும் பரிசீலிக்கறேன்னுதான் பதில். ஒருநாள் கேக்கறதையே விட்டுட்டா. மூணு வருஷம் ஆச்சு... என்கிட்டயே பேசற ஒரே போன் இதும்மா. கண்டுபிடிச்சுட்டேன்னு தெரிஞ்சா நிறுத்திடுவாளே!"

ட்ர்ர்ரிங்...!

"கடைசி எச்சரிக்கை! ராஜினாமா பண்றியா, இல்லையா?"

அவர் ரிசீவரை இறுகப் பிடித்தார். இப்போது நடுநிலை உதவாது!

"பண்ணிடறேன்மா... நாளைக்கு ஓட்டைப் போட்ட கையோட. அப்புறம் வீட்டுலதான்."

மறுமுனையில் கரகரப்பு காணாமல் போயிருந்தது.

"...நிஜமாவாங்க?"

சபாநாயகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "கேஸ் போடணுமா மேடம்?"

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டினாள்.

"புருஷனை மிரட்டறது குத்தம்னா, முதல்ல என்னைத்தான் சார் உள்ளே தள்ளணும்!"