மூன்றாம் அழைப்புக்கு முன்

வீட்டில் கரண்ட் போனால் பட்டியலில் எல்லா வரியும் சிவப்பாக வேண்டும். டிலக்சனாவின் போனில் தண்ணீர் மோட்டார் சிவப்பாக இருந்தது. கேற் விளக்கும் விறாந்தைக் கமராவும் அறை மின்விசிறியும் சிவப்பு. கடைசி வரி மட்டும் பச்சை. அந்த வரிக்கு அவள் வைத்திருந்த பெயர் அப்பா.

துறைமுகத்தை அடுத்த கப்பல் முகவர் அலுவலகத்தில், மேல்மாடி யன்னலோரம் அவளுடைய மேசை. மதியத்திலிருந்து பெய்த மார்கழி மழையில் அக்கரை மறைந்துபோயிருந்தது. கட்டிக் கிடந்த இழுவைப் படகுகள் ஒன்றையொன்று உரசி முனகின. ஈரக் கயிறும் டீசலும் கலந்த வாடை மூடிய யன்னலையும் தாண்டி வந்து மேசைக் கடதாசிகளில் தங்கியது. பின்னேரம்தான், ஆனாலும் வானம் இருட்டிவிட்டது. அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். மறுபடி நிமிர்த்தினாள். பச்சை.

அப்பா செல்லத்தம்பி மூதூருக்கு ஆள் ஏற்றும் லாஞ்சியில் வேலை செய்தவர். போன வருடம் பாரிசவாதம் வந்து இடது பக்கம் விழுந்தபின் பாலையூற்று வீட்டின் முன்னறைக் கட்டிலை விட்டு அவர் இறங்கியதில்லை. பகலில் ரபீக்கா வந்து பார்த்துக்கொள்வாள். அவள் போனதிலிருந்து டிலக்சனா வந்து சேரும்வரை அவர் தனியே. அந்த இடைவெளிக்காகத்தான் மாமன் மகன் திலக்சன் வீட்டிலுள்ள எல்லாவற்றையும் ஒரு சின்னப் பெட்டியோடு இணைத்துக் கொடுத்தான். இருக்கிறாயா என்று பெட்டி ஒவ்வொன்றையும் மாறி மாறிக் கேட்கும். பதில் வந்தால் பச்சை. மூன்று தரம் கேட்டும் வராவிட்டால் சிவப்பு.

அப்பாவையும் அதிலே சேர்க்கச் சொன்னது டிலக்சனாதான். திலக்சன் அவளுடைய குரலைப் பதிந்து கட்டிலடி ஸ்பீக்கரில் போட்டான். அரை மணிக்கொரு தரம் அது, "அப்பா, இருக்கிறீங்களா?" என்று கேட்கும். அவர் ஓம் சொல்ல வேண்டும்.

தொடக்கத்தில் ஒரே சிவப்புத்தான். அவர் மூன்றாம் தரத்துக்குத்தான் வாய் திறப்பார். பெட்டி சில வேளை அதற்குள் முடிவு கட்டிவிடும். கடலில் பழகிய பழக்கம் அது. பொழுது சாயும் மைம்மல் நேரத்தில் ஆளைக் காணாமல் குரல் மட்டும் கேட்டால் லாஞ்சிக்காரர் உடனே பதில் கொடுக்கமாட்டார்கள். மனிதர் என்றால் மூன்று தரம் கூப்பிடுவார்கள். மற்றது ஒரு தரம் கூப்பிட்டுவிட்டு, பதில் சொல்பவரின் குரலுக்காகக் காத்து நிற்கும்.

"அது பேயில்லை அப்பா, நான்," என்று அவள் சண்டை பிடித்தாள். "ஒவ்வொரு சிவப்புக்கும் எனக்குச் சீவன் போகுது. முதல் தரமே சொல்லுங்கோ."

மகளுக்காக அவர் அந்தப் பழக்கத்தை விட்டார்.

இப்போது அவள் அழைக்க, உவர்மலையில் கடை வைத்திருந்த திலக்சன் போனை எடுத்தபோது பின்னால் ஜெனரேட்டர் இரைந்தது.

"பதறாத மச்சாள். பெட்டிக்குப் பற்றரி இருக்கு, இன்னும் கொஞ்ச நேரம் ஓடும். மாமான்ர வரி பழைய பதிலாத்தான் இருக்கும்."

"பழசில்லை. நான் பாத்துக்கொண்டிருக்கவே புதுசா ஒண்டு வந்தது."

"அப்ப மாமா கரண்ட் இல்லாமல் ஓடுற மொடல்." அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. "சரி, பதிவைக் கேட்டுப் பார். ஒவ்வொரு பதிலும் உள்ளுக்குக் கிடக்கும்."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காலைப் பதிவைத் திறந்தாள். குரலைப் பதிந்த அன்றைக்குத் தெருவில் போன பஸ்ஸின் கோர்ன் சத்தம், அதன்மேல் அவளுடைய குரல், பிறகு அப்பா. நோய்க்குப் பின் அவருடைய உதடுகள் ஒரு பக்கம் சேர்வதில்லை. 'ஓ' மட்டும் வரும், முடிவில் காற்று ஒழுகும்.

கடைசிப் பதிவில் மழைச் சத்தம் இல்லை. தகரக் கூரையில் இந்த மழை எப்படி அடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதில் ஒரு சொட்டுக்கூட இல்லை. பஸ் கோர்னும் இல்லை. அவளுடைய குரல் மட்டும், மிக அருகில், கேட்டது. அப்பா, இருக்கிறீங்களா. உடனே பதில். "ஓம்." உதடு இரண்டும் சேர்ந்து மூடிய, சுத்தமான ஓம்.

ரபீக்காவை அழைத்தாள்.

"இடி முழங்கினதும் எல்லா வயரையும் கழட்டிட்டுத்தான் வந்தனான், தங்கச்சி. நீங்கதானே எரிஞ்சு போகும் எண்டு சொன்னீங்க."

"கதைக்கிற ஸ்பீக்கரையுமா?"

"ஓம். அலுமாரிக்குள்ள வச்சிட்டன். ஏன், ஐயாவுக்கு ஏதுமா?"

அவள் பதில் சொல்லுமுன் போன் கையில் அதிர்ந்தது. அப்பா. புதிய பதில். பச்சை.

திலக்சனையும் வரச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள். பஸ் நிலையக் கூரையின் கீழ், ஊருக்குள் திரியும் மான்கள் நெருக்கியடித்து நின்றன. அவளுடைய வெளிச்சம் பட்டதும் அத்தனை கண்ணும் ஒன்றாக எரிந்து அணைந்தன. கண்டி வீதியில் வெள்ளம் செருப்பை மூடியது. மழைக்கோட்டுக்குள் வியர்த்தது. பாலையூற்றுக்குத் திரும்பியதும் தெரு முழுக்க இருட்டு. வீட்டுக்கு வீடு யன்னலில் ஒரு மெழுகுதிரி. அவர்களுடைய யன்னலில் அதுவும் இல்லை. அப்பாவால் கொளுத்த ஏலாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கேற்றைத் தள்ளினாள். திறப்பைப் போட்டுக் கதவைத் திறந்தாள். விறாந்தைச் சீமெந்து வழக்கத்தைவிடக் குளிர்ந்திருந்தது. உள்ளே தேங்கிய கடல் தண்ணீர் வாடை, லாஞ்சியின் அடித்தட்டில் வருவதுபோல.

"டிலக்சனா, வந்திட்டியா?"

அப்பாவின் குரல்.

"ஓம் அப்பா, வந்திட்டன்," என்றாள், குனிந்து செருப்பைக் கழற்றியபடி.

சொன்ன பிறகுதான் கை நின்றது. ஓர் எழுத்துக்கூடக் குழறாமல் அவர் அவளுடைய பெயரைச் சொல்லியிருந்தார்.

போன் வெளிச்சத்தை முன்னே நீட்டிக்கொண்டு அறைக்குள் போனாள். கட்டிலில் அப்பா. உயிரோடு. நெஞ்சு ஏறி இறங்கியது. வேலை செய்கிற ஒரே கையால், வலது கையால், தன் வாயைப் பொத்திப் பிடித்திருந்தார். விரல் நுனிகள் கன்னத்தில் பதிந்து வெளிறியிருந்தன. கண்கள் அவளைப் பார்த்தன. தலை மெல்ல அசைந்தது. இல்லை. இல்லை.

என்னப்பா என்று கேட்க வாய் திறந்தாள்.

அவளுடைய நாக்கு அசைந்தது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

அவர் கையை எடுத்து வாயைத் திறந்தார். கோணிய உதடுகள் அவளுடைய பெயரைச் செய்ய முயன்றன. மூச்சு மட்டும் வந்தது. மறுபடி பொத்திக்கொண்டார்.

அவள் அலுமாரியைத் திறந்தாள். மடித்த சாரங்களின்மேல் ஸ்பீக்கர். வயர் அதைச் சுற்றிக் கட்டியிருந்தது.

போன் அதிர்ந்தது.

பட்டியலின் அடியில் புது வரி. டிலக்சனா. பச்சை.

வெளியே மோட்டார் சைக்கிள். வெளிச்சம் யன்னல் கம்பிகளுக்குள்ளால் வந்து சுவரில் கோடு போட்டது. வண்டி கேற்றடியில் நின்றது. திலக்சன். வந்துவிட்டான். அவள் அறை வாசலுக்கு ஓடினாள்.

"மச்சாள்!"

"ஓம், என்ன?"

அவளுடைய குரல். விறாந்தை இருட்டிலிருந்து. அவளுக்கும் கதவுக்கும் நடுவிலிருந்து.

அவள் நின்றாள்.

"மாமா எப்பிடி?"

"படுத்திட்டார். சும்மா பயந்திட்டன். நீ போ, நனையாத."

"ஒரு பிளேன்டியாவது தரமாட்டியே?"

அது சிரித்தது. பற்களுக்குள் தொடங்கி மூக்கில் முடியும் அவளுடைய சிரிப்பு. "நாளைக்கு வா, தாறன்."

"மாமான்ர வரி பச்சைதான், நானும் பாத்தன். இப்ப நீயும் வரியில நிக்கிறாய். எப்ப சேர்த்தனீ?"

"இப்பதான்."

அவன் இன்னொரு தரம் கூப்பிடத் தேவையிருக்கவில்லை. இயந்திரம் உறுமியது. கோடுகள் சுவரில் ஊர்ந்து, கூரைக்கு ஏறி, ஒவ்வொன்றாக அணைந்தன. பிறகு மழை. பிறகு மழையும் கேட்கவில்லை.

அவள் பின்னால் நடந்து கட்டிலில் முட்டி உட்கார்ந்தாள். தலையணையில் சாய்ந்திருந்த அப்பாவின் தோள் அவளுடைய தோளில் பட்டது.

விறாந்தையில் அவளுடைய குரல் கேட்டது. "அப்பா, இருக்கிறீங்களா?"

"ஓம். டிலக்சனா, இருக்கிறியா?" அதே இருட்டிலிருந்து, அப்பாவின் தெளிந்த குரல்.

"ஓம்."

இந்த முறை சற்றுக் கிட்ட. அறை வாசலருகே.

மடியில் போன் திரை எரிந்துகொண்டிருந்தது. பட்டியலின் அடியில் இரண்டு வரி, இரண்டும் பச்சை. அந்த வெளிச்சத்தில் கட்டிலில் இரண்டு பேர், பக்கத்தில் பக்கத்தில், தங்கள் வாயைத் தங்கள் கையாலேயே பொத்திக்கொண்டு.