சாக விடாத சாம்பல்

பூசணி இலைக்குச் சாம்பல் நோய் வருவதற்கு முந்தின நாளே அது தும்முவது தனக்குக் கேட்டுவிடும் என்று சத்தியம் செய்வார் ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். மொட்டை மாடியில் தன் கொடி காய்த்த பூசணியைக் கீழே இறக்கத் தனி லிஃப்ட் கட்டினாராம். "அந்த லிஃப்டாவது ஓடிச்சா அத்தான்?" என்பார் மருந்துக்கடை வைத்திருக்கும் மைத்துனர்.

அன்று மதியம் எந்தத் தும்மலும் கேட்கவில்லை. ஆனாலும் வெயிலில் விரிந்து கிடந்த இலைகள் எல்லாவற்றின் மேலும் யாரோ மாவு சலித்துவிட்டுப் போனதுபோல வெள்ளை படிந்திருந்தது. தண்ணீர் கலந்த பாலில் துணியை நனைத்து ஒவ்வோர் இலையாகத் துடைத்தார். புளித்த வாடை மூக்கில் ஏறியது. துணி காயப்போட வந்த மனைவியின் பிடரியில் வேர்வை. அதே துணியால் விளையாட்டாக ஒற்றிவிட்டார்.

"சீ! நான் என்ன பூசணியா?" என்று சிரித்தாள்.

மறுநாள் காலையில் அவள் பிடரியில் வெள்ளைப் பொட்டு. துடைத்தார். போனது. சமையல் முடிவதற்குள் முதுகெல்லாம் பரவியிருந்தது.

"வலிக்குதா?"

"தொடுறீங்களா என்ன? தெரியலையே."

தன் கட்டைவிரலைக் கிள்ளிப் பார்த்தார். அதுவும் வெள்ளை. ஒன்றும் உறைக்கவில்லை. பயப்பட வேண்டும் என்று தோன்றியது. பயம்கூட எங்கோ தள்ளி நின்றது.

மைத்துனரைக் கூப்பிட்டனுப்பினார்.

"பவுடர் போட்டிருக்கா அக்கா. இதுக்கா கடையப் பூட்டச் சொன்னீங்க?"

"மாப்ளே, ஆஸ்பத்திரில நான் சொன்னா சிரிப்பாங்க. நீ சொன்னா கேப்பாங்க. இந்தப் பூஞ்சைக்கு உயிருள்ள இலைதான் வேணும். செத்ததுல வளராது. அவளைச் சாகவும் விடாதுடா."

"எந்தப் பொடியா இருந்தாலும் என் நாக்கு சொல்லிடும்." கடைப் பழக்கம். அக்காவின் தோளிலிருந்து விரலால் தொட்டு நக்கினார். சப்புக்கொட்டினார். மறுபடி சப்புக்கொட்டினார். முகம் மாறவில்லை.

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். திறந்த கண்கள். அவற்றின் மேலும் வெள்ளை. மூச்சு ஓடியது. வெயில் நகர, அவள் முகமும் நகர்ந்தது. மெல்ல.

"மாப்ளே. ஏதாவது சொல்லு."

மைத்துனர் வாய் திறந்தார். உதட்டிலிருந்து வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது.

"நெசந்தான் அத்தான்."