தென்னேரிக் கம்பி

கழற்றிப் போட்ட கம்பியில் தந்தி வந்துகொண்டிருந்தது.

காஞ்சிபுரம் தந்தி அறையில் கிருஷ்ணவேணி தனியாக இருந்தாள். 1966, ஐப்பசி. மூன்று நாள் அடைமழையில் சுவரெல்லாம் ஊறி, பேட்டரி அமிலத்தின் காரமும் நனைந்த தபால் பைகளின் வாடையும் மூச்சில் ஏற, பட்டப்பகலிலேயே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தென்னேரிப் பக்கம் கம்பம் சாய்ந்துவிட்டதென்று அந்த இணைப்பைக் காலையில் அவளேதான் பிடுங்கி வைத்தாள். ஆனாலும் மேசைமேல் பித்தளைக் கருவி கடகடவென்று அவளை அழைத்தது.

கேட்டதும் கை தெரிந்துவிட்டது. தந்தி அடிப்பதில் ஒவ்வொருவர் கையும் ஒவ்வொரு மாதிரி. குற்றொலியும் நெட்டொலியுமாக வரும் எழுத்துகளில் கடைசி நெட்டொலியைக் கொஞ்சம் இழுத்து விடுகிறவன் அவள் தம்பி தர்மன் ஒருவன்தான். தென்னேரி ஏரிக்கரை வெள்ளக் காவலுக்குத் தந்திக் கருவியோடு அவனைத்தான் அனுப்பியிருந்தார்கள்.

"உசுரோட இருக்கான்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள். பெயர்கள். துரைக்கண்ணு. செல்லியம்மாள். சைதுன். மொத்தம் பத்து. 'வந்ததா?' என்று கேட்டான். வந்தது என்று அவள் தட்டிவிட்டால் அவன் வேலை முடிந்தது, எழுந்து போகலாம்.

அதற்குள் போஸ்ட் மாஸ்டர் ராஜவேலு உள்ளே வந்தார். முழங்கால்வரை சேறு.

"கர ஒடைஞ்சி பத்து பேரு போயிட்டாங்கம்மா. கூட நம்ம தர்மனும்..."

"எப்ப சார்?"

"நேத்தே. இப்பதான் தூக்கிக்கினு வந்தாங்க. ஒடம்பு ஆஸ்பத்திரில இருக்குது. வாம்மா."

"இதோ தட்டிக்கினு இருக்கானே சார்."

ராஜவேலு தொங்கும் கம்பி முனையைப் பார்த்தார். கருவியைப் பார்த்தார். அப்படியே பின்வாங்கி வெளியே போய்விட்டார்.

பட்டியல் மறுபடி முதலிலிருந்து வந்தது. மெதுவாக. மூன்றாம் முறை எழுத்துக்கு எழுத்து இடைவெளி நீண்டது, விறைத்த விரல்கள்போல. அவள் பதில் தட்டவில்லை. தட்டினால் போய்விடுவான். இன்னும் ஒருமுறை. இன்னும் ஒரே ஒருமுறை.

நான்காம் முறை பெயர்கள் இல்லை.

'அக்கா, குளிருது. வந்ததா?'

கண்ணீர் விழுந்த தந்தி விசைமேல் விரலை வைத்தாள். 'வந்தது. போய் வா, கண்ணு.'

நீண்ட ஒரு நெட்டொலி. பிறகு மழைச் சத்தம் மட்டும்.

கருவி மறுபடி அசைந்தது.

அவன் கை இல்லை. எழுத்தும் இல்லை. தந்தி விசையைத் தொட்டே அறியாத கை. பக்கத்தில் இன்னொன்று, கனமாக. இன்னொன்று, சின்னதாக, அவசரமாக. ஒன்றன்மேல் ஒன்றாக. பத்துக் கைகள். சாத்திய கதவைத் தட்டுவதுபோல.

தட்டிக்கொண்டே இருந்தன.