அடிமரத்தில் கட்டிய ரம்பம்

பெயிண்ட் தப்பான பக்கத்தில் தேய்ந்திருந்தது. கொட்டகையின் குழல்விளக்குக்குக் கீழே, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் அந்தப் பழைய செயின் ரம்பத்தின் பாசியையும் பிசுக்கையும் துடைத்துக்கொண்டிருந்த மார்னியின் கை, பின்பிடிக்கு வந்ததும் நின்றுவிட்டது. வலக்கைக்காரர்களை நினைத்துத்தான் ரம்பமே செய்கிறார்கள். வலக்கை பின்பிடியில், இடக்கை முன்பிடியில். வருஷக்கணக்காகப் பிடித்துப் பிடித்துப் பெயிண்ட் உரிந்துபோகும் இடம் எல்லா ரம்பத்திலும் ஒன்றுதான். இதில் மட்டும் எதிர்ப்பக்கம் வெள்ளைவெளேரென்று உரிந்திருந்தது.

இடக்கையால் ரம்பம் பிடித்த ஒரே ஒருத்தனைத்தான் அவளுக்குத் தெரியும். முதல் புருஷன் டெல்மர். செத்துத் தொலைந்தவன்.

சே, என்ன பைத்தியக்காரத்தனம், இந்த மலையில் இடக்கைக்காரனுக்கா பஞ்சம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வெளியே மழை தகரக் கூரையில் விடாமல் கொட்டியது. மதியச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் ஜன்னலுக்கு அப்பால் தேவதாரு மரங்கள் இருண்டுவிட்டன. குளிர்காலத்தில் இந்த ஊர் அப்படித்தான். மழை பிடித்தால் அவளுடைய இடது மணிக்கட்டு வலிக்கும். டெல்மர் கதவிடுக்கில் வைத்து நசுக்கிய மணிக்கட்டு அது.

“என்னம்மா, முடிச்சிட்டியா?” எய்னார் இரண்டு காபிக் குவளைகளோடு உள்ளே வந்தார். வாயில் எப்போதும் போல பெப்பர்மிண்ட் மிட்டாய். கல்யாணமான நாளிலிருந்து ‘ம்மா’ போடாமல் அவர் அவளைக் கூப்பிட்டதே இல்லை. மரம் வெட்டுகிறவர்களில் இப்படி ஒரு மனுஷனா என்று அவளுக்கே இன்னும் ஆச்சரியம்தான்.

“இது எங்கேர்ந்து வந்துச்சு?”

“கார்ஸ்டன் குடுத்தான், கொஞ்சம் மான்கறிக்கு மாத்தா. மேல பழைய காட்டுல ஒரு அடிமரத்துல கம்பி போட்டுக் கட்டியிருந்துச்சாம். சும்மா நனைஞ்சுகிட்டு கெடக்கேன்னு கம்பிய அறுத்துத் தூக்கிட்டு வந்துட்டான். வெளியூர்ப் பய, அவனுக்கு என்ன தெரியும்?”

“உங்களுக்குத் தெரியுமில்ல?”

எய்னார் அசடு வழிந்தார். தெரியாமலா இருக்கும்? மரம் விழுந்து ஒருத்தன் செத்தால், அவனுடைய ரம்பத்தை அந்த மரத்தின் அடிக்கட்டையிலேயே கம்பியால் கட்டிவிட்டு வந்துவிடுவார்கள். அதை யாரும் கீழே கொண்டுவர மாட்டார்கள். ஒரு வாஷரைக்கூடக் கழற்ற மாட்டார்கள்.

“கொண்டாந்தது நான் இல்லையே. என் ரம்பத்துக்கு வேற எங்கம்மா சாமான் கெடைக்கும்? நீதான சொன்ன, பொருந்தும்னு.”

சொன்னாள்தான். அந்த வீட்டில் அந்த ஞானம் அவளுடையது. எந்த மாடலின் எந்தப் பாகம் எதில் உட்காரும் என்று டப்பா டப்பாவாகப் பிரித்து வைப்பது அவள்தான். எய்னாருடையது சின்ன மாடல், வேலைக்குப் போன புதிதில் வாங்கியது, பாதி வாழ்க்கை அதைப் பிடித்தே கழித்தவர். வந்திருப்பது பெரிய மாடல். “ரெண்டும் ஒரே வார்ப்பு, ஒரே போல்ட் ஓட்டை, கண்ண மூடிக்கிட்டு மாத்தலாம்” என்று ஞாயிற்றுக்கிழமை, பாசி மூடிக் கிடந்ததை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தாள். கோடையில் ஊர் மரவெட்டுப் போட்டிக்கு அந்த ரம்பத்தோடு போக வேண்டும் என்று எய்னாருக்குச் சின்னப்பிள்ளை மாதிரி ஆசை.

முன்பிடியில் கம்பி அழுத்திய துருவளையம் தெரிந்தது. அந்தக் கம்பியை முறுக்கியபோது அவள் அங்கே நின்றிருந்தாள். கருப்புக் கோட்டுக்குள் சந்தோஷமாக நின்றிருந்தாள். இப்போது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அந்தப் பெயரை உச்சரித்தால் ஆளே வீட்டுக்குள் வந்துவிடுவான் என்று அத்தனை வருஷமாக ஒரு பயம்.

அன்று சாயங்காலமே எய்னார் பிடியை மாற்றினார். தன்னுடைய பழைய பிடியை வீணாக்க மனம் வராமல் அந்தப் பெரிய ரம்பத்தில் பூட்டிவைத்தார். “அதுவும் மூளியா இருக்க வேண்டாமேம்மா” என்றார்.

மறுநாள் காலை ஓட்ஸ் கஞ்சியை இடது கையால் சாப்பிட்டார்.

அவள் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. “வலது கை மரத்துப்போச்சும்மா, குளிரு” என்றார். சரி, குளிர்தான். அடுத்து ரம்பத்தின் கார்புரேட்டர் மாறிய அன்று அவருடைய மூச்சு மாறியது. ஒவ்வொரு இழுப்பின் கடைசியிலும் ஈரமான ஒரு கரகரப்பு, தூங்கும்போதுகூட. டெல்மரின் அந்தக் கரகரப்புக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, எத்தனை இரவுகள் விடியட்டும் என்று கிடந்திருக்கிறாள். தலையணையில் பெப்பர்மிண்ட் வாசனை இல்லை. வாயில் அடக்கும் புகையிலையின் புளித்த நெடி. எய்னார் புகையிலையைத் தொட்டதே கிடையாது.

“இந்த வேலையே வேண்டாங்க” என்றாள் சமையலறையில். “அத மேல கொண்டுபோய்க் கட்டிடலாம். எனக்குப் பயமா இருக்கு. அது டெல்மரோடது.”

சொல்லிவிட்டாள். ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்தது. எய்னார் திரும்பவில்லை. இடது கை முட்டியால் மேஜையை இரண்டு தரம் தட்டினார், சாப்பாடு எங்கே என்று டெல்மர் கேட்கும் அதே தட்டல்.

“எனக்கே புத்தி சொல்றியா?”

‘ம்மா’ இல்லை. அவர் உடனே முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார், கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. “என்னம்மா சொன்னேன் நான்? எனக்கு என்னமோ ஆவுதும்மா. என்னை விட்றாத” என்றார். அதுதான் எய்னார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. ஆனால் அது கடைசி என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

மறுநாள் ஸ்டார்ட்டரை மாற்றும் சத்தம் கொட்டகையிலிருந்து வந்தது. கூடவே பல்லிடுக்கில் ஒரு சீட்டி. பிறகு நடையில் பூட்ஸ் சத்தம். வாசலில் நின்று அவர் கூப்பிட்டார்.

“ஏ சுண்டெலி.”

டெல்மர் அவளுக்கு வைத்த அந்தப் பெயரை உயிரோடிருக்கும் யாருக்கும் அவள் சொன்னதில்லை.

“சிலிண்டரும் பிஸ்டனும்தான்டி பாக்கி. கடைக்குப் போய் கேஸ்கெட் வாங்கியாறேன். வர்றதுக்குள்ள அளந்து வை.”

வண்டி சரளைக் கல்லை அரைத்துக்கொண்டு போகும் ஓசை மறையும்வரை காத்திருந்துவிட்டுக் கொட்டகைக்கு ஓடினாள். கழற்றிவிட வேண்டும். எல்லாவற்றையும் கழற்றி, அவரவர் பாகத்தை அவரவரிடம் மாட்டிவிட வேண்டும். எய்னாரைத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும். அவளைத் தவிர யாருக்கு அது தெரியும்? ஸ்பானரைப் போட்டுத் திருகினாள். சற்றுமுன் பூட்டிய போல்ட், நூறு வருஷம் மண்ணில் கிடந்தது போல அசைய மறுத்தது. தொங்கித் திருகினாள். மணிக்கட்டில் ஏதோ சொடுக்கென்றது. வலியில் கண் இருண்டது.

அப்போதுதான் அந்த வாசனை.

பெப்பர்மிண்ட்.

பெஞ்சின் மறுகோடியில், கழற்றிய பாகங்களால் ஒட்டுப்போட்ட அந்தப் பெரிய ரம்பம் இருந்தது. எய்னாரின் பிடி. எய்னாரின் கார்புரேட்டர். எய்னாரின் ஸ்டார்ட்டர். பக்கத்தில் போனாள். கொட்டகை முழுவதும் பனிக்கட்டியாகக் குளிர்ந்து கிடக்க, அந்தப் பிடி மட்டும் கதகதப்பாக இருந்தது. ஸ்டார்ட்டர் கயிறு தானாக ஒரு விரல் நீளம் வெளியே வந்தது. உள்ளே போனது. வெளியே வந்தது. உள்ளே போனது.

“ஐயோ” என்றாள். “ஐயோ, நீங்களா?”

கயிறு வேகமாக வந்து போனது.

வண்டிச் சத்தம்.

“அளந்தியா?” வாசலில் நின்றது எய்னாரின் முகம்தான். ஆனால் அதைப் போட்டுக்கொண்டிருந்த விதம் அவருடையதல்ல.

“பொருந்தாது.” அந்தப் பெரிய ரம்பத்தை மறைத்து நின்றாள். “சிலிண்டர் அளவு வேற. அடி போல்ட்டு உக்காராது. சத்தியமா.”

அவன் சிரித்தான். ஆமாம், அவன். பக்கத்தில் வந்து, அவளுடைய இடது மணிக்கட்டைப் பிடித்தான். சரியாக அந்தப் பழைய இடத்தில்.

“பொய் சொன்னா எனக்குப் பிடிக்காதுன்னு தெரியுமில்ல? ஒரே வார்ப்பு. ஒரே ஓட்டை. கண்ண மூடிக்கிட்டு மாத்தலாம். யாருடி சொன்னது?”

அவளையே விளக்கைப் பிடிக்கவைத்தான். சிலிண்டர் வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. போல்ட்டுகள் ஒவ்வொன்றாக இறங்கின. இந்தப் பக்கத்தில் கழன்றது அந்தப் பக்கத்தில் ஏறியது. கடைசிப் போல்ட் இறுகியபோது, அவன் மார்பை நிமிர்த்தி, கரகரப்பே இல்லாமல், ஆழமாக, திருப்தியாக மூச்சிழுத்தான்.

பிறகு சுவர் ஆணியிலிருந்து கம்பிச் சுருளை எடுத்தான்.

“செத்தவன் ரம்பத்த வீட்ல வெச்சிருக்கக் கூடாது. வழக்கம் வழக்கம்தான். எடு. மேல போவோம்.”

மலைப்பாதையில் அவள் அதைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினாள். ஓட முடியவில்லை. கழுத்தில் அவன் கை. மழை. சேறு. கோட்டுக்குள் அது துடித்துக்கொண்டே வந்தது. முழுசாக, ஒழுங்காக, ஒரு நெஞ்சு துடிப்பது போல. பாசி பிடித்த அடிமரத்தில் அறுந்த பழைய கம்பி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

“பிடி. ஆடாம பிடிடி.”

பிடித்தாள். அவன் முறுக்கினான். கம்பி, எய்னாரின் பிடியை அழுத்திக்கொண்டு, மரத்தோடு இறுகியது. அவள் உள்ளங்கைக்குக் கீழே துடிப்பு வேகமானது. ஸ்டார்ட்டர் கயிறு நீண்டு வந்து, அவளுடைய விரலைச் சுற்றிக்கொண்டது. மெல்ல. கெஞ்சலாக.

அவன் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டான்.

“வா சுண்டெலி. சாப்பாடு ஆறுது.”

இறங்கும்போது ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். அடிமரத்தில், கொட்டும் மழையில், கயிறு வெளியே வந்தது, உள்ளே போனது, வெளியே வந்தது. அவளுடைய கழுத்தின் பின்னால், இடது கை இறுகியது.